கேள்வி-பதில்: லீவரை ஏன் யாரும் படிப்பதில்லை?

கேள்வி: பள்ளியில் நான்-டீடெயிலில் டிக்கன்ஸ், கல்லூரியில் ஜேன் ஆஸ்டின் என்று படித்தவன் நான். இந்த ஆங்கில நாவல்களை இன்னும் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறோமே, வெள்ளைக்காரன் விட்டுப்போன மோகத்தைத் தவிர வேறென்ன காரணம்?
— ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: அவை நம் பாடத்திட்டத்துக்குள் வந்ததற்கு வெள்ளைக்கார ஆட்சிதான் காரணம், ஒப்புக்கொள்கிறேன். இன்றும் படிக்கப்படுவதற்கும் அதுவே காரணம் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

1860-இல் டிக்கன்ஸ் நடத்திய வார இதழில் சார்லஸ் லீவர் என்பவரின் தொடர்கதை ஓடிக்கொண்டிருந்தது. வாசகர்களுக்குப் பிடிக்கவில்லை, விற்பனை சரிந்தது. இதழைக் காப்பாற்ற டிக்கன்ஸே அந்த டிசம்பரில் தொடங்கிய தொடர்தான் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்'. அதன் முடிவை மாற்றச் சொன்னவர் புல்வர் லிட்டன், அன்றைக்குப் பெரிய நட்சத்திர எழுத்தாளர். டிக்கன்ஸும் மாற்றினார். (மாற்றியிருக்க வேண்டாம் என்பது என் கட்சி.) லீவர், லிட்டன் இருவரும் எழுதியது அதே ஆங்கிலம், அதே சாம்ராஜ்யக் காலம். இன்று அவர்களைத் தேடிப் படிப்பவர்கள் அபூர்வம். வெறும் மோகம் என்றால் அவர்களும் அல்லவா நிலைத்திருக்க வேண்டும்?

டிக்கன்ஸ் நிற்பது இப்படிப்பட்ட இடங்களால்தான். 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலில் கிராமத்துப் பையன் பிப், யாரோ கொடுக்கும் பணத்தில் லண்டனில் கனவானாகிவிட்டான். அவனை வளர்த்த அக்காள் கணவர், கொல்லர் ஜோ, பார்க்க வருகிறார். காசு கொடுத்து அவரை வராமல் தடுக்க முடியுமானால் கொடுத்திருப்பேன் என்று பிப்பே சொல்கிறான். முட்டையுள்ள குருவிக்கூட்டைப் பிடிப்பதுபோல் ஜோ தொப்பியை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறார். கணப்படுப்பின் மேல் விளிம்பில் வைக்கிறார், விழுகிறது. எடுத்து வைக்கிறார், மறுபடி விழுகிறது. கடைசியில் மிச்சத் தேநீர் ஊற்றும் கிண்ணத்துக்குள்ளேயே விழுந்துவிடுகிறது. இதற்கிடையில் தான் தூக்கி வளர்த்த பையனை ஒருமுறை 'பிப்' என்கிறார், அடுத்த முறை 'சார்' என்கிறார்.

படித்து மேலே வந்த எவரும் இந்தப் பக்கத்தைச் சும்மா கடந்துபோக முடியாது. எழுதியவருக்கும் அவமானம் அத்துப்படி. அப்பா கடன்காரர் சிறையில் இருக்க, 12 வயதில் ஷூ பாலிஷ் தொழிற்சாலையில் லேபிள் ஒட்டியவர் அவர். அது வெளியுலகத்துக்குத் தெரியவந்ததே அவர் இறந்த பிறகுதான். அப்புறம், நீங்கள் சாம்ராஜ்யத்தைப் பற்றிப் பேசுவதால் இதையும் சொல்கிறேன்: பிப்பைக் கனவானாக்கிய பணம், ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்ட கைதி ஆடு வளர்த்துச் சம்பாதித்தது. கனவானின் பணம் எங்கிருந்து வருகிறது என்று நாவலே கேட்டுவிட்டது.

ஆஸ்டினைக் காதல் கதைக்காரி என்று ஒதுக்குகிறவர்கள் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் ஷார்லட்டைக் கவனிக்கவில்லை. 27 வயது, சொத்து கிடையாது. அசட்டுப் பாதிரியார் காலின்ஸைத் தெரிந்தே கட்டிக்கொள்கிறாள். பிறகு அவள் வீட்டுக்கு வரும் தோழி எலிசபெத், நல்ல அறை இருக்க இவள் ஏன் பின்கட்டு அறையில் உட்காருகிறாள் என்று யோசிக்கிறாள். சீக்கிரமே புரிந்துவிடுகிறது. கணவரின் அறை தெருவைப் பார்த்தது. இவளும் அதுபோன்ற கலகலப்பான அறையில் உட்கார்ந்தால், அவர் அடிக்கடி இங்கே வந்துவிடுவார்! 1813-இல் ஒரு கல்யாணத்தின் முழு விலையையும் ஓர் அறையை வைத்தே சொல்லியிருக்கிறார்.

நான்-டீடெயில் சுருக்கத்தில் கதை மட்டும்தான் மிஞ்சும். தொப்பியும் பின்கட்டு அறையும்தான் முதலில் வெட்டுப்படும். அதைப் படித்துவிட்டு டிக்கன்ஸை எடைபோடுவது நியாயமில்லை. 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' முழு நாவலும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. 59 அத்தியாயங்களுக்கு நேரமில்லை என்றால் ஜோ லண்டன் வரும் 27-ஆவதை மட்டுமாவது படித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.