தலைப்பைக் கொடுக்காதீர்கள், கேள்வியைக் கொடுங்கள்

கேள்வி: நான் கல்லூரி ஆசிரியர். இயற்பியல், உயிரியல், பொருளியல் படிக்கும் இளநிலை மாணவர்களை ஒரே குழுவாக்கி, ‘நீர் மாசு’ பற்றிப் பல்துறை ஆய்வு செய்யச் சொன்னேன். ஆளுக்கொரு பகுதி எழுதி, சேர்த்து பைண்டிங் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். இந்த வயதில் இதை எதிர்பார்ப்பதே தவறா?

பதில்: தவறே இல்லை. ‘நீர் மாசு’ என்று கொடுத்தால் யாராக இருந்தாலும் பங்கு பிரித்து எழுதத்தான் செய்வார்கள்.

டைனோசர்கள் அழிந்த காரணம் தெரிய வந்த விதத்தை அவர்களுக்குச் சொல்லுங்கள். இத்தாலியில் குப்பியோ என்ற ஊருக்கு அருகே, சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே டைனோசர்கள் அழிந்த காலத்தில் படிந்த ஒரு மெல்லிய களிமண் அடுக்கு இருக்கிறது. அது படிய எவ்வளவு காலம் ஆகியிருக்கும்? நிலவியலாளர் வால்டர் ஆல்வரெஸ் கேட்டது இவ்வளவுதான். விண்தூசியோடு சீராக வந்து விழும் இரிடியம் என்ற அரிய உலோகத்தை அளந்தால் காலத்தைக் கணக்கிடலாம் என்றார் அவருடைய அப்பா லூயிஸ், இயற்பியலாளர். அணுக்கரு வேதியியலாளர்களான ஃபிராங்க் அசாரோவும் ஹெலன் மிஷலும் அளந்து பார்த்தால், வழக்கத்தைவிடச் சுமார் 30 மடங்கு இரிடியம்! தூசியால் அவ்வளவு வர வழியில்லை. பெரிய விண்கல் மோதியதே காரணம் என்று நால்வரும் 1980இல் எழுதினார்கள். ஒருவர் வேலை முடியாமல் மற்றவர் நகர முடியாத கேள்வி அது.

உங்கள் மாணவர்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும். ‘இந்தக் குளம் கெட்டதால் பக்கத்து வீடுகளுக்கு மாதம் எவ்வளவு கூடுதல் செலவு?’ என்று கேளுங்கள். எந்த வீடுகளில் விசாரிப்பது என்று தெரியாமல் பொருளியல் மாணவி தொடங்க முடியாது. அதற்கு நீர் எந்தப் பக்கம் கசிகிறது, கிருமி எங்கே அதிகம் என்ற விவரம் வர வேண்டும்.

அளக்கப் போகுமுன் இரண்டு வகுப்புகளை வாதத்துக்கே ஒதுக்குங்கள். என் துறையில் எதை ஆதாரமாக ஏற்போம், எதை ஏற்கமாட்டோம் என்று ஒவ்வொருவரும் மற்றவருக்கு விளக்கட்டும். வீட்டுக்காரர் வாய்ச்சொல்லை எப்படி நம்புவது என்று உயிரியல் மாணவர் கேட்பார். நாலே பாட்டில் தண்ணீரை வைத்து ஒரு குளத்தையே எடை போடலாமா என்று எதிர்க்கேள்வி வரும். அந்தச் சண்டையை அவசரப்பட்டுத் தீர்த்து வைக்காதீர்கள். இந்தப் பாடத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. வேறு துறை ஆசிரியர் ஒருவரையும் அழைத்து, மாணவர் முன்னிலையிலேயே அவரோடு கருத்து மாறுபடுங்கள்.

மதிப்பெண்ணுக்கு ஒரே விதி போதும். ஒருவர் செய்த பகுதியை வேறு துறை மாணவர்தான் மேடையில் விளக்க வேண்டும், கேள்விகளுக்கும் அவரே பதில் சொல்ல வேண்டும். செமஸ்டர் போதாது என்று தோன்றினால் கேள்வியைச் சுருக்குங்கள், வாத வகுப்புகளில் கை வைக்காதீர்கள். அடுத்த முறை மூன்று துறைகூட வேண்டாம், இரண்டோடு தொடங்குங்கள்.