ஆன்லைன் தேர்வில் ஏன் காப்பி அடிக்கிறார்கள்? தேர்வுப் பிரிவு ஆசிரியரிடம் கேள்வி பதில்

ஒழுங்காகப் படிக்கிற என் மகன்கூட ஆன்லைன் தேர்வில் பார்த்து எழுதுகிறான். ஏன் சார்? (ஒரு தாய்)

கூட இருப்பவர்கள் எழுதுகிறார்கள், அதனால்தான் அம்மா. மெக்கேப், ட்ரெவினோ என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1993இல் அமெரிக்கக் கல்லூரிகளில் செய்த ஆய்விலேயே இது தெரிந்தது: சக மாணவர்கள் செய்கிறார்கள் என்ற எண்ணம்தான் மற்ற எல்லாக் காரணங்களையும்விட வலுவாக நின்றது. வாட்ஸ்அப் குரூப்பில் விடை ஓடும்போது, ஒதுங்கி நிற்கிறவனுக்குத் தான் மட்டும் ஏமாறுவதாகத் தோன்றும். அரியர் விழுந்தால் கேம்பஸ் இன்டர்வியூவில் உட்கார முடியாது என்ற பயம் வேறு. கூகுளில் தேடினால் வந்துவிடும் கேள்வியையே நாமும் கேட்கிறோம்.

கேமராவைக் கட்டாயமாக்கினால் போதாதா? (பாலிடெக்னிக் ஆசிரியர்)

போதாது. 2021 தொடக்கத்தில் அண்ணா பல்கலைக்கழகம் கேமரா கண்காணிப்போடு செமஸ்டர் தேர்வு நடத்தியது. முறைகேடு சந்தேகத்தில் ஏராளமானோரின் முடிவுகள் நின்றன. அந்த மே மாதம் அன்றைய உயர்கல்வி அமைச்சர் பொன்முடி மறுதேர்வு அறிவிக்க வேண்டியதாயிற்று. நெட் விட்டுவிட்டு வருவதும், அம்மா அறைக்குள் வருவதும் குற்றமல்ல. மென்பொருளின் சந்தேகம் ஆதாரமாகாது.

ஏஐ எழுதியதைப் பிடிக்க எந்த மென்பொருள் நல்லது?

எதையும் சிபாரிசு செய்யமாட்டேன். ஓபன்ஏஐ நிறுவனமே துல்லியம் போதவில்லை என்று தன் கருவியை 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வில், ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் தாங்களே எழுதிய டோஃபல் (ஆங்கிலத் திறன் தேர்வு) கட்டுரைகளில் பாதிக்கு மேல் ஏஐ எழுதியவை என்று இந்தக் கருவிகள் சொல்லின. நம் பிள்ளைகள் எழுதுவதும் அந்த மாதிரி ஆங்கிலம்தான்.

இலவசமாக ஏதாவது டிடெக்டர்?

மேலே சொன்னதுதான்.

கேள்வித்தாளைக் குறை சொல்வது சப்பைக்கட்டு. தப்பு மாணவனுடையது. (மீண்டும் பாலிடெக்னிக் ஆசிரியர்)

தப்பு அவனுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் பூட்டாத கடையில் காவலாளிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போவதில் பயன் என்ன? அவரவர் ரோல் நம்பரைக் கணக்குக் கேள்வியில் ஓர் எண்ணாகப் போடச் சொல்லுங்கள், விடை ஆளுக்கு ஆள் மாறும். பிறகு ஐந்து நிமிடம் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு.

அறுபது பேருக்கு வைவாவா? நடக்கிற காரியமா?

அறுபது பேருக்கும் வேண்டாம். குலுக்கிப் பத்துப் பேரைக் கூப்பிடுங்கள். கூப்பிடுவோம் என்று தேர்வுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். தன் விடையை விளக்க முடியாதவன் இரண்டாவது கேள்வியிலேயே நின்றுவிடுவான்.

கல்லூரிமேல் வழக்குப் போடலாமா?

வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

நானே எழுதிய அசைன்மென்ட்டை ஏஐ என்கிறார்கள். என்ன செய்வது? (இரண்டாம் ஆண்டு மாணவி)

மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிடாதே, அம்மா. கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தால் அதன் பதிப்பு வரலாற்றைக் காட்டு. கைக்குறிப்பு, வரைவு எல்லாவற்றையும் எடுத்து வை. துறைத்தலைவருக்கு எழுத்தில் மனுக் கொடுத்து, "எனக்கு வைவா வையுங்கள்" என்று நீயே கேள்.