பித்தளை ரயிலுக்கு அப்படி என்ன மவுசு?

கேள்வி: என் மைத்துனர் வெளிநாட்டிலிருந்து ஒரு பித்தளை நீராவி எஞ்சின் மாடல் கொண்டுவந்தார், பெயின்ட்கூட அடிக்காதது. விலையைக் கேட்டுத் தலை சுற்றியது. இதைவிட நன்றாக ஓடும் பிளாஸ்டிக் எஞ்சின், பெட்டிகளோடு சேர்த்தே மலிவாகக் கிடைக்கிறதே, இதில் அப்படி என்ன இருக்கிறது?
– ஒரு வாசகர், ராயபுரம்

பதில்: ஓட்டத்தை வைத்துப் பார்த்தால் நானும் உங்கள் கட்சிதான். பழைய பித்தளை எஞ்சின்கள் பலவும் காபிக்கொட்டை அரைக்கிற மாதிரி உறுமும். ஆனால் பிளாஸ்டிக் மாடலுக்கு முதலில் எஃகு அச்சு வெட்ட வேண்டும், அந்தச் செலவை எடுக்க ஆயிரக்கணக்கில் விற்றாக வேண்டும், அதனால் எல்லாருக்கும் தெரிந்த எஞ்சினைத்தான் பெரும்பாலும் செய்வார்கள். பித்தளையில் அந்தத் தொல்லை இல்லை. தகட்டை ரசாயனத்தில் அரித்து எடுத்து, பம்பு, மணி, விளக்கு மாதிரிப் பொடி உருப்படிகளை மெழுகு வார்ப்பில் (சுவாமிமலையில் சாமி சிலை வார்க்கிறார்களே, அதே முறைதான்) எடுத்து, ஒவ்வொன்றாகக் கையால் பற்றவைத்தால் சில நூறு செய்தாலே கட்டுப்படியாகும். ஏதோ ஒரு மலையோரச் சின்ன ரயில்வேயில் மட்டும் ஓடிய எஞ்சின்கூட இப்படித்தான் மாடலாக வந்தது. 1950களில் ஜப்பானின் சிறு பட்டறைகள் அமெரிக்க எஞ்சின்களை இப்படிச் செய்து அனுப்பின. டோக்கியோவின் டென்ஷோடோ என்றால் சேகரிப்பவர்களுக்கு இன்றும் ஒரு மரியாதை உண்டு. அங்கே கூலி ஏறியதும் வேலை கொரியாவுக்குப் போய்விட்டது.

மைத்துனரிடம் கேட்டு அதை ஒருமுறை விளக்கடியில் பிடித்துப் பாருங்கள். கொதிகலனின் பக்கவாட்டில் போகும் குழாய் தனிக் கம்பி, அதற்கும் கொதிகலனுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்கும், அதன் நிழல் பின்னால் விழும். மலிவு பிளாஸ்டிக்கில் அது வெறும் மேடு. பெயின்ட் இல்லாததால் எந்த மூட்டில் யார் கை நடுங்கியது என்பதுவரை தெரியும், எனக்கு அதுதான் பிடிக்கும். நாளைக்கு விலை ஏறும் என்று மட்டும் வாங்காதீர்கள். நல்ல பிளாஸ்டிக் மாடல்கள் வந்த பிறகு பல பித்தளை எஞ்சின்களின் விலை இறங்கிவிட்டது.

கேள்வி: ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) பக்கத்திலேயே வளர்ந்தவன். நம் ஊர் ரயிலைப் பித்தளையில் செய்து ஓட்ட ஆசை. முடியுமா?
– ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: செய்யலாம், தண்டவாளம்தான் இடிக்கும். உலகம் முழுக்க அதிகம் புழங்கும் ஹெச்.ஓ. என்ற மாடல் அளவு, நிஜ ரயிலில் 87இல் ஒரு பங்கு. நம் ஐ.சி.எஃப். பெட்டி அந்தக் கணக்கில் ஏறக்குறைய 24.5 சென்டிமீட்டர் வரும், அலமாரியில் அழகாக நிற்கும். ஆனால் கடையில் கிடைக்கும் 16.5 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள தண்டவாளம், பல வெளிநாடுகளில் இருக்கும் 1,435 மில்லிமீட்டர் பாதைக்கானது. நம் அகலப்பாதையோ 1,676, அதற்கு 19 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும். கடைத் தண்டவாளத்தில் வைத்தால் வண்டி காலை ஒடுக்கிக்கொண்டு நிற்பதுபோலத் தெரியும். கண்ணை உறுத்தாது என்றால் ஓட்டுங்கள், உறுத்தினால் தண்டவாளத்தையும் நீங்களே போட வேண்டியதுதான். எதுவானாலும் தகட்டில் கை வைக்கும் முன் பக்கத்திலிருக்கும் ரயில் அருங்காட்சியகத்துக்கு டேப்போடு ஒரு நடை போய்வாருங்கள்.

கேள்வி: கணவரின் பித்தளை எஞ்சின் கறுத்துப்போய்விட்டது. குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்க்கலாமா?
– ஒரு வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: ஐயோ, வேண்டாம் அம்மா! மேலே மெல்லிய வார்னிஷ் பூச்சு இருக்கும், தேய்த்தால் உரிந்துவிடும். புளித்தண்ணீர் மூட்டுக்குள்ளும் பல்சக்கரத்துக்குள்ளும் இறங்கினால் எஞ்சின் போச்சு. காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தூசி மட்டும் தட்டுங்கள். கறுப்பு அப்படியே இருக்கட்டும், நிஜ எஞ்சினும் கறுப்புதானே.