வெளிமாநிலத்துக்கு வீடு மாறுகிறீர்களா? சாமான் அனுப்புவது பற்றிய கேள்வி பதில்

வீட்டுச் சாமான்களைக் கட்டி, ஏற்றி, ஊர் தாண்டி அனுப்பும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். மாநிலம் விட்டு மாநிலம் போகிறவர்கள் கேட்டிருந்த கேள்விகளில், ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டு மற்றவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, தனி லாரி, ஷேர் லோடு, கொள்கலன், நாமே வண்டி எடுத்து ஓட்டுவது, பார்சல் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதை வைத்து முடிவு செய்வது?

எல்லோரும் முதலில் ரேட் கேட்பார்கள். நான் முதலில் கேட்கச் சொல்வது வேறு: உங்கள் வாசலில் ஏறுகிற ஒரு பெட்டி, அங்கே வாசலில் இறங்குவதற்குள் எத்தனை கை மாறும்? என் அனுபவத்தில் ஓடுகிற வண்டியில் உடைவது குறைவு. தூக்கும்போதும் இறக்கும்போதும் அடுக்கி மாற்றும்போதும்தான் அதிகம் உடைகிறது, காணாமலும் போகிறது.

தனி லாரி என்றால் ஒரு முறை ஏற்றம், ஒரு முறை இறக்கம், அவ்வளவுதான். பல வீட்டுச் சாமான் ஒரே லாரியில் போகும் ஷேர் லோடில் பெரும்பாலும் வீட்டிலிருந்து சின்ன வண்டி, அங்கிருந்து குடோன், குடோனிலிருந்து பெரிய லாரி, அந்த ஊர்க் குடோன், மறுபடி சின்ன வண்டி, பிறகு உங்கள் வீடு. அதாவது மூன்று ஏற்றம், மூன்று இறக்கம். பார்சலில் இதற்கு மேல். கொள்கலன் என்கிற பெரிய இரும்புப் பெட்டியை வாசலில் வைத்துவிட்டுப் போனால் நீங்களே அடுக்கிப் பூட்டலாம். அதன்பின் கொள்கலனோடு தூக்குவார்கள், உள்ளே இருப்பதை யாரும் தொடமாட்டார்கள்.

இதைத் தெரிந்துகொண்டு அடுத்ததாகத் தேதியைப் பாருங்கள். சாமான் எந்த நாளில் கட்டாயம் வந்தாக வேண்டும், எவ்வளவு நாள் தள்ளிப்போனால் சமாளிக்கலாம்? மூன்றாவது அளவு. இந்த மூன்றுக்கும் விடை கையில் இருந்தால் வழி தானாகவே ஒன்றிரண்டாகக் குறைந்துவிடும். ரேட்டை அதற்குப் பிறகு பேசுங்கள்.

கேள்வி: அளவு என்கிறீர்களே, அதை வீட்டிலேயே கணக்கிட முடியுமா?

ஒரு டேப் போதும். நீளம், அகலம், உயரத்தை மீட்டரில் அளந்து பெருக்கினால் கன மீட்டர். 70 செ.மீ. அகலம், 70 செ.மீ. ஆழம், 1.8 மீட்டர் உயரமுள்ள ஃபிரிட்ஜ் சுமார் 0.9 கன மீட்டர். மூன்று பேர் உட்காரும் சோபா 1.7 அளவுக்கு வரும். 45 செ.மீ. சதுரப் பெட்டிகள் பதினொன்று சேர்ந்தால் ஒரு கன மீட்டர். கழற்றக்கூடிய கட்டிலை நின்றபடி அளக்காதீர்கள். பலகையாகக் கட்டிய பிறகு அது எவ்வளவு மெலிந்துவிடும் என்பதை நினைத்து அளங்கள். எல்லாவற்றையும் கூட்டி, இடைவெளிக்காக ஒரு பத்துப் பதினைந்து சதவீதம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒப்பிட ஒரு எண்: 20 அடிக் கொள்கலனின் உள்ளளவு சுமார் 33 கன மீட்டர். வீட்டுச் சாமானில் கோணல்மாணல் அதிகம் என்பதால் அந்த 33-ம் முழுசாக நிரம்பாது.

ஃபோனிலேயே “இரண்டு பெட்ரூமா, சரி சார்” என்று ரேட் சொல்கிறவரை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். நேரில் வரச் சொல்லுங்கள், இல்லையென்றால் வீடியோவில் காட்டுங்கள். காட்டும்போது பரண், கட்டிலுக்கு அடியில், பால்கனி மூலை, அலமாரிக்குள் எல்லாம் திறந்து காட்டுங்கள். ஏற்றுகிற அன்று தகராறு வருவது பெரும்பாலும் இந்த நாலு இடத்துச் சாமானால்தான்.

கேள்வி: ஷேர் லோடில் ரேட் பாதிக்கும் கீழே சொல்கிறார்கள். நம்பலாமா?

நம்பலாம். லாரிச் செலவை நாலைந்து வீட்டார் பங்கு போட்டுக்கொள்வதால் குறைகிறது, அதில் ஏமாற்று ஒன்றுமில்லை. நீங்கள் விட்டுக்கொடுப்பது தேதியை. லாரி நிறையும்வரை சாமான் குடோனில் காத்திருக்கும். அதனால் “எப்போது வரும்” என்று கேட்காதீர்கள். “எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிக்குள் வரும், தாண்டினால் என்ன செய்வீர்கள்” என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

சாமான் கொஞ்சம்தான், அவசரமில்லை என்றால் ஷேர் லோடு நல்ல வழி. கை அதிகம் மாறும் என்பதால் கட்டுவதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கண்ணாடி மேஜைக்கு மரச்சட்டம் போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் எண்ணையும் உங்கள் அடையாளக் குறியையும் மேல் மூடியில் எழுதாமல் இரண்டு பக்கவாட்டில் எழுதுங்கள். மேலே இன்னொரு பெட்டி ஏறியதும் மூடியில் எழுதியது யார் கண்ணுக்கும் தெரியாது. முதல் வாரத்துக்கு வேண்டிய படுக்கை, நாலு பாத்திரம், பிள்ளைகளின் பள்ளிச் சாமான் இதையெல்லாம் ஷேர் லோடில் போடாதீர்கள்.

கேள்வி: நானே லாரி வாடகைக்கு எடுத்து ஓட்டிப் போகலாம் என்று இருக்கிறேன் சார். கார் நன்றாக ஓட்டுவேன்.

ஒரு ரூம் சாமான், ஒரே பகலில் போய்ச் சேரும் தூரம் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். அதைத் தாண்டினால் எனக்குத் தயக்கம்தான்.

உங்கள் லைசென்ஸ் அந்த எடை வண்டிக்குச் செல்லுமா என்று முதலில் பாருங்கள். வண்டியை அந்த ஊரிலேயே விட்டுவிடலாமா, திருப்பிக் கொண்டுவர வேண்டுமா என்பதில்தான் செலவே தலைகீழாகும். எரிபொருள், சுங்கம், வழியில் தங்குவது, இரு பக்கமும் தூக்க ஆள், எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டிவிட்டுத்தான் தனி லாரி ரேட்டோடு ஒப்பிட வேண்டும். வண்டி இன்ஷூரன்ஸ் வண்டிக்குத்தான். உள்ளே இருக்கும் சாமானுக்குச் செல்லும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

கனமானவை கேபின் பக்கம், தரையோடு, இடமும் வலமும் சமமாக. ஒவ்வொரு அடுக்கையும் முடித்ததும் கயிறு போட்டுக் கட்டிவிட்டு அடுத்த அடுக்கு. லோடு ஏறிய வண்டி பிரேக் பிடித்து நிற்க அதிக தூரம் எடுக்கும் என்பது முதல் மணி நேரத்தில் கைக்குப் பழகாது, மெதுவாகவே போங்கள். வண்டியின் உயரத்தைக் காகிதத்தில் பெரிதாக எழுதி, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் கண்ணில் படுகிற மாதிரி ஒட்டுங்கள். தாழ்வான பாலமும் பெட்ரோல் பங்க் கூரையும் வரும்போது கார் ஓட்டிப் பழகிய கண்ணுக்கு உயரம் ஞாபகம் வராது.

கேள்வி: வீடு நிறையப் புத்தகம். பார்சலில் அனுப்புவதா, லாரியிலேயே போடுவதா?

லாரியில். காரணத்தைச் சொல்கிறேன், மற்ற சாமானுக்கும் உதவும்.

கூரியர்காரர்கள் பெட்டியின் நிஜ எடை, அளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குப் பணம் வாங்குவார்கள். அளவு எடைக்குப் பரவலாக உள்ள கணக்கு, செ.மீ.யில் மூன்று பக்கத்தையும் பெருக்கி 5000-ஆல் வகுப்பது. 60, 50, 40 செ.மீ. பெட்டியில் தலையணையாக நிரப்பினால் நிஜ எடை ஐந்து கிலோகூட வராது, ஆனால் 24 கிலோவுக்குக் கட்ட வேண்டும். புத்தகமோ 40, 30, 30 செ.மீ. பெட்டியிலேயே இருபது கிலோவைத் தாண்டிவிடும். அளவு எடை 7.2 என்றாலும் நிஜ எடைக்குத்தான் கட்டணம். லாரியில் இடத்துக்குக் காசு வாங்குகிறவரிடம் புத்தகம் லாபம், எடைக்கு வாங்குகிறவரிடம் மெத்தையும் தலையணையும் லாபம். உங்கள் ஆள் எந்தக் கணக்கு என்று கேட்டுவிட்டுப் பிரித்து அனுப்பலாம். சில நாடுகளில் அஞ்சல் துறையே புத்தகத்துக்குத் தனிச் சலுகைக் கட்டணம் வைத்திருக்கிறது, அதையும் விசாரியுங்கள்.

புத்தகத்துக்குப் பெரிய பெட்டி வேண்டவே வேண்டாம். அடி பிய்ந்துவிடும், தூக்குகிறவர் முதுகும் போய்விடும்.

கேள்வி: ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவி பத்திரமாகப் போய்ச் சேர என்ன செய்ய வேண்டும்? பேக்கிங் ஆட்களே பார்த்துக்கொள்வார்களா?

கட்டுவதை அவர்கள் பார்ப்பார்கள் அம்மா. அதற்கு முன் செய்ய வேண்டியது உங்கள் கையில்.

ஃபிரிட்ஜை முந்தைய நாளே அணைத்து, கதவைத் திறந்து வைத்து, ஐஸ் முழுக்கக் கரைந்து உலர விடுங்கள். ஈரத்தோடு மூடிக் கட்டினால் போய்ச் சேருவதற்குள் பூஞ்சை பிடித்து நாறும். உள்தட்டுகளை எடுத்துத் தனியாகச் சுற்றுங்கள். நிற்க வைத்தே கொண்டுபோகச் சொல்லுங்கள். படுக்க வைத்தால் கம்ப்ரஸரில் உள்ள எண்ணெய் குழாய்களுக்குள் ஓடிவிடும். வழியில் படுக்க வைத்திருந்தார்கள் என்று தெரிந்தால், நேராக நிற்க வைத்து ஒரு நாள் கழித்துச் சுவிட்ச் போடுங்கள்.

முன்பக்கம் கதவுள்ள வாஷிங் மெஷின் வாங்கியபோது பின்னால் மூன்று நான்கு நீள போல்ட் இருந்திருக்கும். டிரம் ஆடாமல் பிடித்துவைப்பவை அவை. தேடி எடுத்து மறுபடி மாட்டுங்கள். அவை இல்லாமல் போனால் டிரம் வழிநெடுக ஆடி, தாங்கும் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் கெடும். புது வீட்டில் ஓட்டுவதற்கு முன் ஞாபகமாகக் கழற்றிவிட வேண்டும். குழாயில் மிச்சத் தண்ணீரையும் வடித்துவிடுங்கள்.

டிவியைத் திரை செங்குத்தாக இருக்கும்படி நிறுத்தித்தான் கொண்டுபோக வேண்டும். பழைய பெட்டியும் தெர்மோகோலும் இருந்தால் அதைவிட நல்ல பாதுகாப்பு இல்லை. கழற்றுவதற்கு முன் பின்பக்க வயர்களை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் மாட்டும்போது சுலபம்.

கேள்வி: “இன்ஷூரன்ஸ் சேர்த்துத்தான் ரேட்” என்கிறார்கள். போதுமா?

பாலிசியைக் காட்டச் சொல்லுங்கள். பல இடங்களில் இன்ஷூரன்ஸ் என்று வாயால் சொல்வது, லாரிக்காரர் ஏற்கும் குறைந்தபட்சப் பொறுப்பை மட்டும்தான். அது எடைக் கணக்கில் இருந்தால் பத்து கிலோ டிவிக்கும் பத்து கிலோ பழைய பாத்திரத்துக்கும் ஒரே தொகைதான். உண்மையான பாலிசி என்றால் உங்கள் பெயர், சாமான் பட்டியல், ஒவ்வொன்றின் மதிப்பு, எந்த ஊரிலிருந்து எந்த ஊர் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

படிக்கும்போது மூன்று இடத்தில் நில்லுங்கள். லாரி கவிழ்ந்தால், எரிந்தால் மட்டும்தானா, ஏற்றி இறக்கும்போது உடைந்தாலும் உண்டா? நீங்களே கட்டிய பெட்டிக்குள் உடைந்தால் உண்டா? பல பாலிசிகளில் கிடையாது, அதனால் பீங்கான் கண்ணாடியை அவர்கள் கையாலேயே கட்டச் சொல்லுங்கள். சேதத்தை எத்தனை நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும்? பிரீமியம் குறையட்டும் என்று மதிப்பைப் பாதியாகக் காட்டாதீர்கள். பாதிதான் காப்பீடு என்று சொல்லி, சின்னச் சேதத்துக்கும் பாதியே தருகிற விதி பல பாலிசிகளில் உண்டு.

கேள்வி: ஒருவர் மற்ற எல்லோரையும்விட ரொம்பக் குறைவாகச் சொல்கிறார். முழுப் பணமும் முன்பே கேட்கிறார். என்ன செய்யலாம்?

விட்டுவிடுங்கள். இதில் நான் இரண்டாவது யோசனையே சொல்லமாட்டேன். குறைந்த ரேட்டில் ஏற்றிக்கொண்டு, நடுவழியில் “எடை கூடிப்போச்சு, இவ்வளவு போட்டால்தான் இறக்குவோம்” என்று நிற்பது இந்தத் தொழிலில் உள்ள பெரிய அக்கிரமம். சாமான் அவர்கள் கையில் இருக்கும்போது உங்களால் பேரம் பேச முடியாது. கொஞ்சம் அட்வான்ஸ், ஏற்றியதும் ஒரு பகுதி, இறக்கியதும் மீதி என்று பிரித்துக் கொடுப்பதுதான் நியாயம்.

நிறுவனம் உண்மையில் பதிவு செய்ததா, சொந்த வண்டியா, வேறொருவரிடம் கைமாற்றிவிடுவார்களா என்று நேரடியாகக் கேளுங்கள். மாடிப்படி, லிஃப்ட் இல்லாமை, தெருவுக்குள் பெரிய லாரி நுழையாமல் சின்ன வண்டிக்கு மாற்றுவது, கட்டில் கழற்றி மாட்டுவது, காத்திருப்பு இவற்றுக்கெல்லாம் கூடுதலா, ரேட்டிலேயே அடக்கமா என்று ஒவ்வொன்றாக எழுதி வாங்குங்கள். இரு வீட்டுத் தெருவையும் வீடியோ எடுத்து முன்பே அனுப்பிவிட்டால் “தெரியாது சார்” என்று சொல்ல இடமிருக்காது.

கேள்வி: பழையதை விற்றுவிட்டு அங்கே போய்ப் புதிதாக வாங்கினால் என்ன?

ஒரு கன மீட்டருக்கு என்ன ரேட் விழுகிறது என்று பாருங்கள். அதைச் சாமானின் அளவால் பெருக்கி, விற்றால் கிடைக்கும் தொகையையும் கூட்டி, அங்கே வாங்கும் விலையோடு ஒப்பிட்டால் விடை வந்துவிடும். மரத்தூள் பலகை அலமாரியைப் பொதுவாக விடச் சொல்வேன். ஒரு முறை கழற்றினாலே ஸ்க்ரூ பிடிமானம் தளர்ந்துவிடும். நல்ல மரத்தில் செய்தது, பாட்டி கொடுத்தது என்றால் கணக்கே பார்க்காதீர்கள், கொண்டுபோங்கள்.

கேள்வி: எதையெல்லாம் லாரியில் ஏற்றக்கூடாது?

கேஸ் சிலிண்டர், பெட்ரோல், பெயிண்ட், தின்னர், ஆசிட், பட்டாசு கூடவே கூடாது. நகை, பணம், சொத்துப் பத்திரம், சான்றிதழ், தினசரி மருந்து, கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் உங்கள் கைப்பையில். மண்ணோடு உள்ள செடிகளை அனுமதிக்காத மாநிலங்கள் உண்டு, விசாரிக்காமல் ஏற்றாதீர்கள்.

கேள்வி: சாமான் வந்து இறங்கும்போது நான் என்ன பார்க்க வேண்டும்?

ஒருவர் வாசலில் பட்டியலோடு நிற்கட்டும். வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளக் கூடாது. உள்ளே வருகிற ஒவ்வொரு எண்ணையும் டிக் செய்யுங்கள். நசுங்கிய, நனைந்த, டேப் மாற்றி ஒட்டிய பெட்டிகளை ஒதுக்கி, ஆட்கள் இருக்கும்போதே திறந்து போட்டோ எடுங்கள். கடைசியில் கையெழுத்து கேட்பார்கள். “எல்லாம் நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்” என்ற வரிக்குக் கீழே, “பெட்டி 14 நனைந்துள்ளது, 22 வரவில்லை, மற்றவை திறந்து பார்க்கவில்லை” என்று எழுதிவிட்டுப் போடுங்கள். அவசரப்படுத்தினாலும் எழுதுங்கள். பின்னால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.

கேள்வி: பைக்கையும் அதே லாரியில் போடலாமா?

போடலாம். பெட்ரோலை வடித்து, பேட்டரி வயரைக் கழற்றி, கண்ணாடிகளை எடுத்துவிடுங்கள். கிலோமீட்டர் காட்டும் இடத்தையும் நாலு பக்கத்தையும் போட்டோ எடுங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்த்துக் கட்டவிடாதீர்கள், நேராக நிறுத்தி இரு பக்கமும் கட்ட வேண்டும். அசல் ஆர்சி உங்களிடம், நகல் டிரைவரிடம்.