“எனக்கு வந்தால்தான் உங்களுக்குத் தருவேன்” என்று மெயின் கான்ட்ராக்டர் சொல்லலாமா?

செந்தூலில் அடுக்குமாடிக்கு ஒயரிங் வேலையை முடித்துவிட்டீர்கள். மேம்பாட்டு நிறுவனம் பணம் தந்தால்தான் உங்கள் பில்லைத் தீர்ப்பேன், ஒப்பந்தத்திலும் அப்படித்தான் இருக்கிறது என்கிறார் மெயின் கான்ட்ராக்டர். அதற்குக் கட்டுப்பட வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

வேண்டியதில்லை. மலேசியாவில் 2014 ஏப்ரல் 15 முதல் நடப்பில் இருக்கும் கட்டுமானத் துறைப் பணப்பட்டுவாடா, தீர்வுச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு அப்படிப்பட்ட நிபந்தனையைச் செல்லாததாக்குகிறது. கையெழுத்துப் போட்டிருந்தாலும் செல்லாது. வேலை செய்தவன் மாதக்கணக்கில் காத்துக் கிடப்பது அநியாயம். அதற்காகத்தான் இந்தச் சட்டமே வந்தது.

முதலில் கோரிக்கைக் கடிதம் கொடுங்கள். சாதாரண நினைவூட்டல் கடிதம் போதாது. எவ்வளவு தொகை, எந்தத் தேதியில் தந்திருக்க வேண்டும், ஒப்பந்தத்தின் எந்த விதிப்படி, என்ன வேலைக்கு என்பதோடு, இந்தச் சட்டத்தின் கீழ் கேட்கிறேன் என்ற வரியும் அதில் இருக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இந்தக் கடைசி வரியில்தான். அவர் பதில் தர 10 வேலை நாள். பதிலே வராவிட்டால் ஒப்புக்கொண்டார் என்று அர்த்தமில்லை. முழுத் தொகையையும் மறுத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

அப்புறம் நடுவரிடம் போகலாம். நடுவர் யார் என்பதில் இருவரும் ஒத்துவராவிட்டால், கோலாலம்பூரில் உள்ள ஆசிய அனைத்துலக நடுவர் மையம் நியமிக்கும். இரு தரப்பு வாதங்களும் எழுத்தில் வந்து முடிந்தபின் 45 வேலை நாளில் நடுவர் முடிவு சொல்ல வேண்டும். நடுவர் தரச் சொன்ன தொகையும் வரவில்லை என்றால் முறைப்படி நோட்டீஸ் கொடுத்து, மீதி வேலை இருந்தால் நிறுத்தி வைக்கலாம். உயர் நீதிமன்றம் வழியாகவும் வசூலிக்கலாம்.

ஒப்பந்தம் மட்டும் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சில் எடுத்த வேலைக்கு வழக்கமான நீதிமன்ற வழிதான்.