இரைப்பையில் இருக்கும் உணவை வைத்து ஒருவர் இறந்த நேரத்தைச் சரியாகச் சொல்ல முடியுமா?

குத்துமதிப்பாகச் சொல்லலாம், அவ்வளவுதான். இன்ன அரை மணி நேரத்துக்குள் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

நீங்கள் சட்டம் படிப்பவராகவோ, வீட்டில் ஒரு வழக்கை வைத்துக்கொண்டு தவிப்பவராகவோ இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. செஷன்ஸ் கோர்ட்டில் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக ஆஜராகும் வக்கீல்.

ஒரு கொலை வழக்கு. இறந்தவர் எட்டு மணிக்குச் சாப்பிட்டார் என்பது மனைவியின் சாட்சியம். ஒன்பது மணிக்கு என் கட்சிக்காரரோடு அவரைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். மறுநாள் காலையில் ஏரிக்கரையில் உடல் கிடந்தது. இரைப்பையில் பாதி செரித்த சோறு இருந்ததால், சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் மரணம் என்று போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட். பத்து மணிக்குள் செத்தார், அப்போது கூட இருந்தது இவர்தான் என்று அரசுத் தரப்பு கணக்கை முடித்துவிட்டது.

குறுக்கு விசாரணையில் டாக்டரிடம் நிதானமாகக் கேட்டேன். கறிச்சாப்பாடு மெதுவாகத்தானே இறங்கும்? ஆமாம், நாலு முதல் ஆறு மணி நேரம்கூட ஆகலாம். குடித்திருந்தால்? தாமதமாகலாம். சர்க்கரை நோய் இருந்தால்? அதிலும் தாமதமாகலாம். தலையில் அடிபட்டு நினைவில்லாமல் கிடந்தால்? செரிமானம் ஏறக்குறைய நின்றே போகலாம். அப்படியானால் இவர் அடிபட்டு, விடிகிறவரை உயிரோடு கிடந்திருக்கலாம் அல்லவா? "இருக்கலாம்" என்றார். நேர்மையான மனிதர். அந்த ஒரு வார்த்தையில் பத்து மணிக் கணக்கு நொறுங்கியது. என் கட்சிக்காரர் விடுதலையானார். இன்றைக்கும் எனக்கு அதில் பெருமை உண்டு.

கொலைகாரனைத் தப்பவிடும் வித்தை என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் கனடாவின் ஸ்டீவன் ட்ரஸ்காட் வழக்கைப் படிக்க வேண்டும். 1959, ஒன்டாரியோ மாகாணம். பன்னிரண்டு வயதுச் சிறுமி கொலை. மாலை 5.45 மணிவாக்கில் சாப்பிட்டு முடித்தவள் 7.15-க்கும் 7.45-க்கும் இடையில் இறந்தாள் என்று, முக்கியமாக இரைப்பை உணவை வைத்து மருத்துவர் ஜான் பெனிஸ்டன் சொன்னார். அந்த நேரத்தில் அவளைச் சைக்கிளில் ஏற்றிப் போனவன் ட்ரஸ்காட். வயது பதினான்கு. தூக்குத் தண்டனை விதித்தார்கள், பிறகு ஆயுளாகக் குறைத்தார்கள். பத்து வருடம் சிறையில் இருந்தான். 1966-இல் மருத்துவரே தன் கருத்தை மறுபரிசீலனை செய்து எழுதியும் அது வெளியே வரவில்லை. அவருடைய போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டுக்கு, பிந்திய நேரம் குறித்த வேறு வரைவுகளும் இருந்தது பின்னால்தான் தெரிந்தது. 2007-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுதலை செய்தபோது ட்ரஸ்காட்டுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது.

இந்தச் சோதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உடல் சூடு, விறைப்பு, கடைசியாகப் பேசிய போன் இவற்றோடு சேர்த்துப் பார்த்தால் உதவும். என்ன சாப்பிட்டார் என்பதைக் கண்டுபிடிக்க, நேரத்தைவிட அதிகமாகவே உதவும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் வழக்கில் வந்த அந்த டாக்டர் சாட்சிக்கூண்டில் ஏறுவதற்குக் காலையிலிருந்து சாயங்காலம்வரை வராந்தாவில் நின்றார். உட்கார ஒரு பெஞ்ச் இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. அவருடைய ஆஸ்பத்திரியில் அன்று நோயாளிகள் காத்திருந்திருப்பார்கள். சாட்சிகளை இப்படி நடத்தினால் அடுத்த முறை யார் மனசாட்சியோடு வந்து பேசுவார்கள்?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ரிப்போர்ட்டில் உணவின் அளவும் வகையும் எழுதியிருக்கிறதா, சிறுகுடலில் என்ன இருந்தது என்று இருக்கிறதா பாருங்கள். கடைசிச் சாப்பாட்டு நேரத்தை யார் சொன்னார்கள், எப்படித் தெரியும் என்பதையும் உங்கள் வக்கீலைக் கேட்கச் சொல்லுங்கள்.