போட் இழுக்கிற தண்ணிச் சறுக்கில, ஒற்றை ஸ்கீயில திரும்பேக்க கயிறு தளருது, ஃபின்ன (ஸ்கீக்குக் கீழ இருக்கிற செட்டை) மாத்தவா?
தம்பி, ஃபின்ன இப்ப தொடாதீங்கோ. மிதவையச் சுத்தித் திரும்பினவுடன கயிறு தளர்ந்து பிறகு படக்கெண்டு இழுக்குதெண்டா பெரும்பாலும் பாரம் பின்காலில நிக்குது. முழங்காலையும் கணுக்காலையும் மடிச்சு முன்காலில பாரத்தக் குடுங்கோ, போட் கிளப்புற அலையத் தாண்டுமட்டும் கயித்து ஹாண்டில் ரெண்டு கையிலயும் இடுப்போட இருக்கோணும், திரும்பி முடிய முதல் கையால வெட்டி இழுக்கவே கூடாது, ஸ்கீ கயித்துக்குக் கீழ வரட்டும், அதுக்குப் பிறகு இடுப்ப ஹாண்டிலுக்குக் கொண்டுபோங்கோ. இதுதான் முக்கியம்.

கயித்தச் சுருக்காம முழு நீளத்திலயே பழகுங்கோ. அப்பவும் ஸ்கீயின்ர மூக்குத் தூக்கினா பைண்டிங்க (ஸ்கீயில கால மாட்டுற பூட்டு) ஒரு ஓட்டை முன்னுக்கு வைச்சுப் பாருங்கோ, ஒரு நேரத்தில ஒண்டை மட்டும் மாத்தோணும்.

திருகோணமலையில விடிய வெள்ளன, காத்து எழும்ப முதல் போறதுதான் நல்லம். கடல் தண்ணி எண்டபடியா, கரைக்கு வந்ததும் ஃபின் ஸ்க்ரூவ நல்ல தண்ணியில கழுவுங்கோ, இல்லாட்டி இறுகிப்போம்.